மாமியார் வீட்டில் கடைசிக் காட்சி

சாலைப்பொட்டல்காரர்களைப் பற்றி வெளியூரில் என்னென்னவோ சொல்வார்கள். நம்பாதீர்கள். அவர்கள் சொன்ன பேச்சைக் கேட்கிறவர்கள், அவ்வளவுதான். ஒரு சொல் கூட்ட மாட்டார்கள், ஒரு சொல் குறைக்கவும் மாட்டார்கள். அந்த நல்ல குணத்தில் விளைந்ததுதான் கோமதிநாயகத்தின் படம்.

கோமதிநாயகத்துக்கு அப்போது பதினெட்டு வயசு. தாய்மாமன் பலவேசம் ஊரில் இரும்புக் கம்பிக் கடை வைத்திருந்தார். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. "படிப்புதான் ஏறலை. பேசாம வந்து கடையில உக்காருலே" என்றார். அந்தத் துரு வாடையை நினைத்தாலே கோமதிநாயகத்துக்கு அழுகை வந்துவிடும். அவனுக்கு டைரக்டர் ஆகவேண்டும். அவன் மூக்கை உறிஞ்சுவதைப் பார்த்து மாமா மனமிரங்கினார்.

"இருபத்தோரு வயசு வரைக்கும் உன் இஷ்டம். அதுக்குள்ள ஒரே ஒரு படத்தை முடிச்சுக் காட்டு. முடியலேன்னா கடைதான்."

அந்த வாரமே பேப்பரில் ஒரு விளம்பரம். வருஷா வருஷம் நடக்கும் ஏதோ திரைப்பட விழாவாம். இண்டிபெண்டென்ட் படமாக இருக்கவேண்டும், ஒரு பையன் ஆளாகிற கதையாக இருக்கவேண்டும், அதில் குற்றமும் இருக்கவேண்டும் என்று போட்டிருந்தது.

கோமதிநாயகம்தான் டைரக்டர், கதாநாயகனும் அவனே. கல்யாண வீடுகளில் வீடியோக்காரருக்கு லைட் பிடித்த ஆவுடையப்பன் கேமராமேன். கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும் என்பதால் மாடக்கண்ணு உதவி டைரக்டர். மூவரும் டீக்கடையில் கூடினார்கள்.

"இண்டிபெண்டென்ட்னா என்னலே?" என்றான் கோமதிநாயகம்.

"இண்டிபெண்டென்ஸ் டே தெரியும்லா? ஆகஸ்ட் பதினஞ்சு" என்றான் மாடக்கண்ணு.

"அப்போ அன்னைக்கு மட்டுந்தான் எடுக்கணும். மத்த நாள்ல எடுத்தா அது சாதாரணப் படம்லா" என்றான் ஆவுடையப்பன்.

மூவரும் டீ ஆறும்வரை யோசித்து, அதுவே சரியென்று தலையாட்டினார்கள்.

அடுத்து குற்றம். சாலைப்பொட்டலில் ஒரு கோழி காணாமல் போனால்கூட அது தானாகத் திரும்பி வந்துவிடும். ஆகவே, ரிட்டயர்டு ஏட்டு சிவனணைஞ்சபெருமாளிடம் போனார்கள்.

"களவாணிப்பய என்ன செய்வான்?" என்று ஏட்டு காலை நீட்டிக்கொண்டு ஆரம்பித்தார். "மொதல்ல ஊருக்கே அல்வா குடுப்பான். அப்புறம் கம்பி நீட்டுவான். கொஞ்ச நாள் தலைமறைவா திரிவான். கடைசியில மாமியார் வீட்டுல கம்பி எண்ணுவான். எல்லாப் பயலும் இப்படித்தான்."

மாடக்கண்ணு புள்ளி விடாமல் எழுதிக்கொண்டான். நாலு வாக்கியம், நாலு காட்சி, நாலு சுதந்திர தினம். கடைசிக் காட்சி எடுக்கும்போது கோமதிநாயகத்துக்குச் சரியாக இருபத்தொன்று இருக்கும். மூவருக்கும் புல்லரித்தது.

முதல் வருஷம் கொடியேற்றி முடிந்ததும் பெரிய அண்டாவில் அல்வா கிண்டி ஊருக்கே கொடுத்தார்கள். வரிசை குளத்தங்கரை வரை நின்றது. வாங்கினவர்கள் எல்லாம் "நல்லா இருப்பே மக்கா" என்று வாழ்த்திவிட்டுப் போனார்கள். டைரக்டருக்கு மனசு உறுத்தியது.

"இதுல குற்றம் எங்கலே இருக்கு?"

மாடக்கண்ணு நோட்டைப் புரட்டினான். கடைசியில் ஆவுடையப்பனுக்குத்தான் வழி தெரிந்தது. "சுகர் உள்ளவுகளுக்குக் குடுத்தா குற்றந்தான?" உடனே சுகர் உள்ள டிராயிங் வாத்தியாரைத் தேடிப் பிடித்து இரண்டு கரண்டி வைத்தார்கள். கேமராவில் கண்ணைப் பதித்திருந்த ஆவுடையப்பன், "அருமையா வருது" என்றான்.

இரண்டாம் வருஷம் கம்பி. மாமா கடையில் நீளமான ஒன்றை வாங்கிவந்து கோமதிநாயகம் பஜார் நடுவில் நீட்டிக்கொண்டு நின்றான். அந்நேரம் பார்த்து வெளியூர்த் திருடன் ஒருவன் பிரசிடெண்ட் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தான். ஊரின் முதல் திருட்டு.

"கம்பி நீட்டுதான், பிடிங்க!" என்று கத்திக்கொண்டே கூட்டம் ஓடிவந்தது.

"அவன் கையில கம்பியே இல்லியே, கம்பி எங்கிட்டல்லா இருக்கு!" என்றான் கோமதிநாயகம்.

கூட்டம் நின்று பார்த்தது. நியாயமாகத்தான் பட்டது. கோமதிநாயகத்தைப் பிடித்துக்கொண்டது. ஆவுடையப்பனோ திருடனை நோக்கி, "அண்ணாச்சி, ஃபிரேமுக்குள்ள வராதீங்க, அந்தப் பக்கமா போங்க" என்று சந்துக்கு வழி காட்டினான். அவனும் மரியாதையாக ஒதுங்கிப் போனான்.

மூன்றாம் வருஷம் தலைமறைவு. "ஏட்டையா தலைமறைவுன்னாரு, உடம்பு மறைவுன்னு சொல்லலை" என்று மாடக்கண்ணு நோட்டைக் காட்டினான். எவர்சில்வர் குடத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கோமதிநாயகம் தெருத்தெருவாகத் திரிந்தான். எதிரே வந்தவர்கள் "என்ன கோமதி, சாப்டாச்சா?" என்று கேட்க, குடத்துக்குள்ளிருந்து "ஆச்சு சித்தி" என்று கணீரென்று பதில் வந்தது. குடம்தான் கழலவில்லை. சோப்பு போட்டு, நாலு பேர் இழுத்து, கழன்றபோது பார்த்தால் மேலுதட்டில் கறுப்பாக ஒரு கோடு.

"மீசைலே! கோமதி ஆளாயிட்டான்!"

விளம்பரத்தில் கேட்டது இதுதானே? பெண்கள் குலவை போட்டு, மஞ்சத்தண்ணி ஊற்றி, புட்டு சுற்றினார்கள். பலவேசம் மாமா தாய்மாமன் சீராகப் பாவாடை தாவணி கொண்டுவந்தார். இடுப்புதான் கொஞ்சம் பிடித்தது.

நாலாம் வருஷம் வந்தது. கெடு முடியப் போகிறது. கோமதிநாயகத்துக்குச் சோறு இறங்கவில்லை.

"மாமியார் வீட்டுல எண்ணணுமாம். நம்ம மூணு பேருக்கும் மாமியாரே கிடையாதேலே."

"பக்கத்து ஊருல யாரு மாமியாரையாவது கேட்டுப் பாப்பமா?"

"அடுத்தவன் மாமியார் வீட்டுல போயி எண்ணுனா அது நல்லாவா இருக்கும்?"

மாமா மகள் வடிவு கடை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு அவன்மேல் சின்ன வயசிலிருந்தே ஆசை. அவனிடம் அதைச் சொல்லிப் புரியவைக்கத்தான் முடிந்ததில்லை.

"அத்தான், மாமியாரும் வேணும், கம்பியும் வேணும். ரெண்டும் ஒரே வீட்டுல இருந்தா தோதுதான?" என்றாள்.

அப்படி ஒரு வீடு எங்கே இருக்கிறதென்று மூவரும் இரண்டு நாள் யோசித்தார்கள். மூன்றாம் நாள் வடிவே சொல்லிவிட்டாள். ஆனியில் முகூர்த்தம் வைத்தார்கள். ஆடி விருந்துக்கு அழைப்பு வந்தது, ஆகஸ்ட் பதினைந்தும் வந்தது. மாப்பிள்ளை மாமியார் வீட்டு முன்பக்கத்தில் உட்கார்ந்து கம்பி எண்ண ஆரம்பித்தான். நானூற்றுப் பன்னிரண்டாம் கம்பியில் அவன் கண் கலங்கியது. படம் முடிந்தது, கடையிலிருந்து தப்பித்தோம் என்ற நிம்மதிதான்.

அப்போது வடிவு காப்பி கொண்டுவந்தாள். கேமராவைப் பார்த்தாள்.

"ஏன் அண்ணே, மூடியைக் கழட்டாம எடுக்கீங்க?"

"அது கழட்டுறதா?" என்றான் ஆவுடையப்பன். "நாலு வருஷமா கருகருன்னுதான் தெரிஞ்சுது. குற்றப் படம்னா இருட்டாத்தான் இருக்கும்னு நெனச்சேன்."

நாலு வருஷமாக ஒன்றுமே பதியவில்லை. திரும்பவும் அல்வாவிலிருந்து தொடங்கவேண்டும். அதற்கு அடுத்த ஆகஸ்ட் வரவேண்டும்.

"அதுவரைக்கும் நான் என்ன செய்ய?" என்றான் கோமதிநாயகம்.

மாடக்கண்ணு நோட்டைப் பிரித்தான். "கம்பி எண்ணுவான்னு இருக்கு. நிறுத்துவான்னு ஏட்டையா சொல்லலை. நீ எண்ணு."

உள்ளேயிருந்து பலவேசம் மாமா வந்தார். "கெடு முடிஞ்சுட்டு மாப்ளே. படமும் முடியலை. சொன்ன சொல்லு சொல்லுதான். நாளையிலேருந்து கடைக்கு வந்துரணும்."

"எப்படி மாமா வர முடியும்? நான்தான் மாமியார் வீட்டுல கம்பி எண்ணிக்கிட்டு இருக்கேனே!"

மாமா மோவாயைத் தடவி ரொம்ப நேரம் யோசித்தார். "அதுவும் சரிதான். அப்போ கடைக்கு வேற ஆளு பாக்கேன்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு புறப்பட்டார்.

தப்பித்தோமடா சாமி என்று கோமதிநாயகம் நீளமாக மூச்சு விட்டான். அதில் விட்ட இடம் மறந்துபோய், ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினான்.