நீர்த்திலகம் கேட்ட கயிறு

முன்னொரு காலத்தில் கொன்றைநாட்டை வச்சிரமுடி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். வேலையாட்களைத் தம் அரண்மனைபோலக் கொண்டாடும் இடம் உலகத்திலேயே கிடையாது என்று அவர் நம்பினார். நம்பவைத்தவர் வேலையாட்களுக்கு அதிகாரியாயிருந்த துதிவாணராயர். யாராவது குறை சொன்னால் போதும், ராயர் உடனே ஒரு பட்டம் கொடுத்துவிடுவார். லாயத்துக் கூரை ஒழுகுகிறது என்ற குதிரைக்காரன் ‘மழைவென்றான்’ ஆனான். கூரை தன்பாட்டுக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

அரண்மனைக் கிணற்றில் தண்ணீர் இறைப்பவள் மருதாயி. கயிறு நைந்து, சிலும்பு கிளம்பி, அவள் உள்ளங்கையைக் கிழித்தது. “புதுக் கயிறு வேணுங்க ஐயா” என்று மூன்று முறை கேட்டாள். மூன்றாம் முறை ராயர் மேளம் கொட்டிச் சபையைக் கூட்டி, அவளுக்கு ‘நீர்த்திலகம்’ என்று பட்டம் சூட்டினார். பட்டுத்துணியில் எழுதியும் கொடுத்தார். மருதாயி அதைக் கிழித்துக் கைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டாள். அந்த அளவில் பட்டம் உபயோகப்பட்டது.

பிறகு அவள் வேறு வேலை தேடிப் போனாள். சந்தைச் சத்திரக்காரி அவள் கையைப் பார்த்ததும், “முதல்ல இதுக்கு மஞ்சப் பத்துப் போடு தாயி. வேலையைப் பத்தி அப்புறம் பேசலாம்” என்றாள். மருதாயிக்குக் கண் கலங்கிவிட்டது. அரண்மனையில் சொல்லிவிட்டு வருவதாகக் கூறித் திரும்பினாள்.

அன்று உச்சிவெயிலில் வேட்டை முடிந்து ராஜா நாக்கு வறண்டு சபைக்கு வந்தார். “தண்ணீர்!”

மருதாயி வெறும் செம்பை நீட்டி, உரத்த குரலில் முழங்கினாள்: “தாகம் வென்ற தங்கவேந்தே, வாழ்க!”

“இதென்ன கூத்து? தண்ணீர் எங்கே?”

“பட்டம் கொடுத்தேன் மகாராஜா. கேட்டதைக் கொடுக்காம இதைக் கொடுக்கிறதுதானே இங்கே வழக்கம்?”

“என்ன திமிர்! இவளுக்கு...” என்று எழுந்தார் ராயர்.

“இன்னொரு பட்டமா ஐயா?”

சபை வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது. ராஜாவின் கண் அவள் கைக்கட்டில் விழுந்தது. விசாரித்தார். நேரே கிணற்றடிக்கு நடந்தார். ஒரே ஒரு குடம் இறைத்தார். உள்ளங்கைத் தோல் உரிந்தது.

“ஆகா! கிணறு கொண்ட சோ...” என்று தொடங்கினார் ராயர்.

“வாயை மூடும்! நாளை முதல் இங்கே தண்ணீர் இறைக்கப்போவது நீர்தான். உம்முடைய பதவி மருதாயிக்கு.”

ராயர் முகத்தில் ஈயாடவில்லை. மருதாயியோ யோசித்தாள்.

“சத்திரத்திலும் கூப்பிட்டிருக்காங்க மகாராஜா. பத்து நாள் இருந்து பார்க்கிறேன். பிடிச்சா இருக்கேன்.”

அந்த நாட்டில் ராஜாவிடம் யாரும் இப்படிச் சொன்னதில்லை. முதலில் கயிறு மாறியது, அடுத்து கூரை. பத்து நாளும் விடிந்ததும் ராஜா உப்பரிகையிலிருந்து எட்டிப் பார்த்து, “மருதாயி வந்தாச்சா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

பதினோராம் நாளும் அவள் வந்தாள். ராஜா அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டார்.