அரசர் பாட்டும் ஆமையின் அடையாளமும்

முன்னொரு காலத்தில், மழை தவறாமல் பெய்துகொண்டிருந்த ஒரு நாட்டில், இளஞ்சிங்கபூபதி என்றொரு அரசர் இருந்தார். சண்டை சச்சரவு எதுவும் இல்லாததால் அவருக்குப் பொழுது நிறையக் கிடைத்தது. அதில் பாதியை ஓர் ஆமைக்கும் மீதியைத் தோடி ராகத்துக்கும் கொடுத்திருந்தார்.

ஆமையின் பெயர் மாணிக்கம். ஓடெல்லாம் மஞ்சள் நட்சத்திரம் பூத்த ஆமை. காலைதோறும் அதைத் தோட்டத்து மேடையில் உட்காரவைத்து, எதிரே அமர்ந்து அரசர் பாடுவார். கோபுரத்துப் புறாக்கள் பக்கத்து ஊருக்குப் போய்விடும். சபையோர் மட்டும் "ஆகா, ஆகா" என்று தலையாட்டுவார்கள். ஆட்டாமல் என்ன செய்வது? அரசர் பாட்டைக் குறை சொல்லும் நாக்கை அறுத்துவிட வேண்டும் என்று சட்டமே இருந்தது.

ஒருநாள் அரசருக்குத் திடீரென்று கவலை பிடித்துக்கொண்டது.

"மாணிக்கம் காணாமல் போனால்? யாராவது களவாடிவிட்டால்? காட்டில் இதே சாயலில் எத்தனையோ ஆமைகள். நம்முடையதை எப்படி அடையாளம் காண்பது?"

பிரதானி அகத்தீசுவரர் எழுந்தார். "அரசே, ஓட்டில் ராஜமுத்திரையைச் சூடு போட்டுவிடலாம்."

"முதலில் உம் முதுகில் போட்டுப் பார்ப்போமா?"

பிரதானிக்கு முகம் சுண்டிவிட்டது. விகடகவி மூக்கையன் வாயைப் பொத்திச் சிரிப்பதைக் கண்டதும் அவருக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. "அப்படியானால் இது விகடகவிக்கு ஏற்ற வேலை, அரசே! கீறக் கூடாது, வண்ணம் பூசக் கூடாது, எதையும் கட்டக் கூடாது. ஆனால் அடையாளம் இருக்க வேண்டும். அவரால் முடியாததும் உண்டா என்ன?"

"அருமையான யோசனை!" என்றார் அரசர். "மூக்கையா, அது உன் பொறுப்பு. தவறினால் நாட்டை விட்டே போய்விடு."

மூக்கையனுக்கு எப்போதும் வாய் முந்திக்கொள்ளும். "அப்படியே ஆகட்டும், அரசே" என்று சொன்ன பிறகுதான் யோசிக்கவே தொடங்கினான்.

மறுநாள் காலை தோட்டத்தில் மாணிக்கத்துக்குக் கீரை ஊட்டியபடி அதை மேலும் கீழும் பார்த்தான். "உனக்கு ஒரு மச்சமாவது இருக்கக் கூடாதா, மாணிக்கம்?" என்றான். அது கீரையை மென்றபடி அவனைப் பார்த்தது. அந்த நேரம் பார்த்துத் தூரத்தில் அரசர் தொண்டையைச் சரிசெய்துகொண்டு தோடியைத் தொடங்கினார்.

மாணிக்கத்தின் வாயிலிருந்து கீரை நழுவியது. தலை சட்டென்று உள்ளே போயிற்று. அதுவும் போதாது என்று தோன்றியதோ என்னவோ, மறுபடி தலையை நீட்டி, பாட்டு வரும் திசைக்கு நேர் எதிராக, நாலு காலும் பரபரக்க நடையைக் கட்டியது.

மூக்கையனுக்கு அடையாளம் கிடைத்துவிட்டது. வெளியே சொன்னால் நாக்கு போய்விடும் என்பதுதான் சங்கடம்.

"அடையாளம் தயார், அரசே. ஆனால் இப்போதே சொன்னால் திருடனுக்கும் தெரிந்துவிடுமே" என்று சொல்லிவைத்தான்.

பிரதானி சும்மா இருப்பாரா? அரண்மனையில் விருந்து நடந்த ஒரு பகலில், உண்ட மயக்கத்தில் காவலர்கள் கண்ணயர்ந்தபோது, மாணிக்கத்தை அங்கவஸ்திரத்தில் சுருட்டிக்கொண்டு போய்த் தம் வீட்டுக் கொல்லையில் கோழிக்கூடைக்கு அடியில் கவிழ்த்து வைத்தார். பிறகு காட்டு ஆமைகளை ஒரு வண்டி நிறையக் கொண்டுவந்து சபையில் இறக்கினார்.

"காணாமல் போன மாணிக்கம் இவற்றில்தான் இருக்கிறதாம், அரசே. விகடகவி எடுத்துக் காட்டட்டும்!"

எதைக் காட்டினாலும், "இதை நான்தாங்க காட்டுல புடிச்சேன்" என்று சத்தியம் செய்ய ஒரு வேடன் வாசலில் காத்திருந்தான்.

மூக்கையன் கைகூப்பினான். "அரசே, தாங்கள் ஒரு தோடி பாட வேண்டும்."

கேட்கவா வேண்டும்! அரசர் தொடை தட்டித் தொடங்கினார். அத்தனை ஆமைகளும் இது என்ன சத்தம் என்று கழுத்தை நீட்டிப் பார்த்தன. ஒன்று அரசரின் காலடிக்கே வந்துவிட்டது.

"இவற்றில் மாணிக்கம் இல்லை" என்றான் மூக்கையன். "தாங்கள் பாடிக்கொண்டே வீதிவலம் வாருங்கள். எங்கிருந்தாலும் அது பதில் சொல்லும்."

ஊர்வலம் கிளம்பியது. ஜன்னல்கள் படபடவென்று சாத்தப்பட்டன. மோர் விற்கும் பெண்ணொருத்தி மூக்கையன் காதருகே வந்து, "ஏன் சாமி, பட்டத்து யானைக்கு வயித்துவலியா?" என்று கேட்டாள்.

"மெதுவாப் பேசு தாயி, நாக்கு பத்திரம்" என்றான் அவன். தெருத் தெருவாகப் போயும் ஒன்றும் நடக்கவில்லை. வழியில் என்னென்ன மூட்டை கட்ட வேண்டும் என்றுகூட அவன் யோசிக்கத் தொடங்கிவிட்டான்.

பிரதானியின் வீட்டருகே அரசர் உச்சஸ்தாயியை எட்டினார். கொல்லையில் ஒரு கோழிக்கூடை அசைந்தது. பிறகு நகர்ந்தது. பிறகு ஓடத் தொடங்கியது.

பிரதானியின் மனைவி பதறிக்கொண்டு வந்தாள். "அது... கோழிங்க, மகாராசா!"

அரசர் பாட்டை நிறுத்தினார். கூடை நின்றது. பாடினார். கூடை சுவரில் முட்டி, திரும்பி, வேறு பக்கம் ஓடியது. மூக்கையன் கூடையைத் தூக்கினான். உள்ளே மாணிக்கம்!

அரசரின் முகம் சிவந்தது.

"மூக்கையா, இதுதானா உன் அடையாளம்? என் பாட்டைக் கேட்டால் ஓடுவதா?"

மூக்கையன் மாணிக்கத்தைத் தூக்கி முன்னால் நீட்டினான். "அடியேன் ஒரு வார்த்தை சொல்லவில்லையே, அரசே. குறை சொல்லும் நாக்கு என்றுதானே சட்டத்தில் இருக்கிறது? மாணிக்கம் காலால் அல்லவா சொன்னது!"

அரசர் அந்தக் குட்டைக் கால்களைப் பார்த்தார். மீசை துடித்தது. பிறகு தொந்தி குலுங்க அவர் சிரித்த சிரிப்பில், போன புறாக்கள்கூடத் திரும்பி வந்தன.

"பிரதானி, இனி மாணிக்கத்தின் மேடையில் தினமும் நீர் உட்காரும்."

"அரசே, சிறையில் இடம் இருக்குமே!" என்று கெஞ்சினார் பிரதானி.

அரசர் தம் முத்துமாலையைக் கழற்றி மூக்கையன் கழுத்தில் போட்டார். "வேறென்ன வேண்டும், கேள்!"

மூக்கையன் ஆமையைப் பார்த்தான். அதற்குள் அரசரின் தம்புராவுக்குச் சுருதி கூட்டத் தொடங்கியிருந்தார்கள்.

"மாணிக்கத்துக்கு இருப்பதுபோல் அடியேனுக்கும் ஓர் ஓடு, அரசே!"

"அவ்வளவுதானே?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார் அரசர். "ஓடு!"

அரச கட்டளையை மீறலாமா? மூக்கையன் ஓடினான்.