குளத்தில் கால் வைக்காத கடமான்

ஒரு காட்டில் ஒரு கடமானும் அதன் குட்டியும் இருந்தன. அங்கே கோடையிலும் வற்றாத குளம் ஒன்றே ஒன்றுதான். தண்ணீர் கலங்கினால் எல்லோருக்கும் கஷ்டம் என்று யானை ஒரு சட்டம் போட்டிருந்தது. யாரும் குளத்துக்குள் கால் வைக்கக் கூடாது. கரையில் மண்டியிட்டுத்தான் குடிக்க வேண்டும்.

கடமான் அந்தச் சட்டத்தை ஒருநாளும் மீறியதில்லை. நல்லதுதான். ஆனால் மீறியவர்களை அது நிம்மதியாக விட்டதும் இல்லை. வெயில் தாங்காமல் ஒருமுறை முன்னங்காலை நனைத்துவிட்ட நரியைக் கொம்பால் முட்டித் துரத்தியது. பாவம், அதன்பின் நரி இலைகளில் படிந்த பனியை நக்கித்தான் நாளைக் கழித்தது.

பங்குனி மாதத்தில் ஒரு மதியம் காடு தீப்பிடித்தது. நாலாபக்கமும் மூங்கில் வெடித்தது. ஓட வழியில்லை. யானை குளத்தின் நடுவில் போய் நின்று பிளிறியது.

"எல்லாரும் உள்ளே இறங்குங்க! சீக்கிரம்!"

முயல் குதித்தது. பன்றி குதித்தது. வால் கருகி ஓடிவந்த நரி மட்டும் கரையில் தயங்கியது.

"நானுமா ஐயா?"

"நீயும்தான்! இறங்கு!"

கடமானுக்கு வயிறு எரிந்தது. "யானையாரே, நீங்க போட்ட சட்டம் என்னாச்சு?"

"போட்டவன்தானே கூப்பிடுறேன்! எனக்கு உங்க உயிர்தான் முக்கியம், வா!"

"இந்த நரியும் நானும் ஒண்ணா? இத்தனை வருஷம் ஒழுங்கா இருந்ததுக்கு இதுதான் மரியாதையா? என் நேர்மையே என்னைக் காப்பாத்தும்!"

"அப்பா, முதுகு சுடுது!" என்று குட்டி அழுதது.

"அசையாதே! நாம தப்பு பண்றவங்க இல்லை!"

குட்டியின் கால்கள் மடங்கின. தண்ணீரில் இறங்கியிருந்த நரி கரையேறி வந்து, அதன் காதைக் கவ்வித் தரதரவென்று தண்ணீருக்குள் இழுத்துப் போனது. கடமான் ஆத்திரத்தில் கத்தியது. யானை துதிக்கையை நீட்டியது. கடமான் அதைக் கொம்பால் தட்டிவிட்டது. அடுத்த நொடி எரியும் மூங்கில் புதர் அதன்மேல் சாய்ந்தது. அது அலறிய அலறலைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தீ அடங்கியதும் யானை அந்தச் சாம்பலருகே நின்று வாய்விட்டு அழுதது.

"எங்கப்பா ஒரு தப்பும் பண்ணலையே?" என்று குட்டி நரியிடம் கேட்டது.

"பண்ணலை, கண்ணு," என்றது நரி. குட்டியின் காதில் தன் பல் பட்ட இடத்தை நக்கிக்கொடுத்தது.

தன் நேர்மையே போதும் என்று நீட்டிய கருணையைத் தட்டிவிடுகிறவனை, அவன் கட்டிக்காத்த சட்டமும் காப்பாற்றாது.