மன்னர் சொன்ன பொன்மொழியும் புலவர் போட்ட ஆஹாவும்

முன்னொரு காலத்தில், செங்கழுநீர்க் கோட்டையை விசயகண்டன் என்றொரு ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் நினைத்தது நினைத்த நிமிஷத்தில் நடக்க வேண்டும் அவருக்கு.

அவருக்கு ஒரு விசித்திர ஆசை. மனித சுபாவத்தைப் பற்றி யாராவது பெரிய மனிதர் சுருக்கென்று ஒரு வார்த்தை சொன்னால், அதை அப்படியே சபைத் தூணில் செதுக்கச் சொல்லிவிடுவார். "போரில் பயப்படாதவர்கள் இரண்டு பேர்: செத்தவனும், ஊருக்கு வந்து கதை சொல்கிறவனும்" என்று சேனாபதி சொன்னது ஒரு தூணில் இருந்தது. "மருந்து கசந்தால் வைத்தியனைத் திட்டுவான், இனித்தால் மருந்தை நம்பமாட்டான்" என்று அரண்மனை வைத்தியர் சொன்னது இன்னொன்றில்.

ஒரு நாள் ராஜாவுக்கே ஒரு பொன்மொழி தோன்றிவிட்டது. சபை கூடியதும் எழுந்து நின்றார்.

"எல்லோரும் கேளுங்கள்! முகத்துக்கு நேரே சொல்லும் புகழ்ச்சி அத்தனையும் பொய்!"

"ஆஹா!" என்று துள்ளி எழுந்தார் அவைப்புலவர் வேங்கடவாணர். "மகாராஜா, இப்படி ஒரு வாக்கு பிறக்க இனி ஆயிரம் வருஷம் ஆகும்!"

"அற்புதம்!" என்றார் சேனாபதி. "அமுதம்!" என்றார் வைத்தியர். சபை முழுக்கக் கைதட்டல். முதலமைச்சர் மல்லையர் மட்டும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்.

அமைச்சர் நாற்காலி மேல் வேங்கடவாணருக்கு வெகு நாளாகக் கண். விடுவாரா?

"பிரபு, சபையே புகழ்கிறது. அமைச்சர் உதட்டைக்கூட அசைக்கவில்லை. இது உங்களுக்குச் செய்த அவமரியாதை இல்லையா?"

ராஜாவின் முகம் சிவந்தது. "மல்லையரே! என் வாக்கு உமக்கு அவ்வளவு மட்டமா? பதில் சரியில்லை என்றால் இந்த நிமிஷமே பதவியை விட்டு இறங்க வேண்டியதுதான்!"

சபை அரண்டுபோனது. மல்லையர் எழுந்து கும்பிட்டார்.

"மகாராஜா, உங்கள் வாக்கை நான் முழுசாக நம்புகிறேன். அதனால்தான் பேசவில்லை. முகத்துக்கு நேரே புகழ்ந்தால் அது பொய் என்றீர்கள். உங்கள் முன்னால் நான் எப்படிப் பொய் சொல்வேன்?"

ராஜா மெல்லச் சபைப் பக்கம் திரும்பினார்.

"அப்படியென்றால்... இவ்வளவு நேரம் 'ஆஹா' போட்டவர்கள் எல்லோரும் பொய்யர்களா?"

அமைச்சர் பதிலுக்குத் தட்ட உயர்ந்த கைகள் அந்தரத்தில் நின்றன.

"அரண்மனைக்குள் பொய் சொன்னவன் நாக்கை இழப்பான். என் பாட்டனார் போட்ட சட்டம் இது. காவலர்களே, கதவைச் சாத்துங்கள்!"

சேனாபதியின் வாள் உறைக்குள் கடகடவென்று ஆடியது. வைத்தியர் தன் நாடியைத் தானே பிடித்துப் பார்த்துக்கொண்டார். வேங்கடவாணர் தரையில் விழுந்து, "நான் 'ஆஹா' என்று சொல்லவில்லை பிரபு, கொட்டாவி விட்டேன்!" என்று அலறினார்.

மல்லையர் பார்த்தார். தம்மைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்ன வார்த்தை இத்தனை பேர் நாக்குக்கு வினையாகும் என்று அவர் நினைக்கவில்லை. குரலை நிதானப்படுத்திக்கொண்டு பேசினார்.

"தண்டனை சரிதான் மகாராஜா. ஆனால் வரிசைப்படி நடக்கட்டும். முதலில் பொய் சொன்னவருக்கு முதல் தண்டனை."

"யார் அது?"

"இன்று காலை வசந்த மண்டபத்தில் மகாராணியார் பாடினார்கள். 'உன் குரலைக் கேட்டால் குயிலுக்கே வெட்கம் வரும்' என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொன்னார். அவருடைய நாக்கிலிருந்து ஆரம்பிக்கலாமா?"

அப்படிச் சொன்னவர் ராஜாவேதான்!

சிம்மாசனத்துக்குப் பக்கத்து ஆசனத்தில் இருந்த ராணி செங்கமலவல்லி மெதுவாகத் தலையைத் திருப்பினாள்.

"அந்த வார்த்தை நிஜமா பொய்யா? சொல்லுங்கள் பிரபு. நானும் தெரிந்துகொள்கிறேன்."

போர்க்களத்தில் யானையை எதிர்த்து நின்ற விசயகண்டருக்கு நாக்கு உலர்ந்துவிட்டது.

"நிஜம்! சத்தியமாக நிஜம்! என் பொன்மொழிதான் தப்பு. கதவைத் திறங்கள்!"

ராணி சிரித்துவிட்டாள். அதைப் பார்த்த பிறகுதான் ராஜாவுக்கு உயிர் வந்தது. அவரும் சிரித்தார். தன் முத்துமாலையைக் கழற்றி மல்லையர் கழுத்தில் போட்டார்.

"இத்தனை பேர் நாக்கையும், என் வீட்டு நிம்மதியையும் காப்பாற்றினீர் அமைச்சரே! புலவரே, அடுத்தவர் நாற்காலிக்குக் குழி பறித்த உமக்கு ஒரு தண்டனை. ஒரு வருஷம் நீர் யாரையும் புகழக் கூடாது."

"என்ன கருணை, என்ன..." என்று ஆரம்பித்த வேங்கடவாணர் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

"சரி, மல்லையரே, நீர் ஒரு வாக்குச் சொல்லும். செதுக்கிவிடலாம்."

மல்லையர் யோசித்துச் சொன்னார்: "புகழ்ச்சி பொய் என்று மனிதனுக்குத் தெரியும். தெரிந்தும் இன்னும் கொஞ்சம் கேட்க ஆசைப்படுவான்."

பட்ட அடி போதாதா? ஒருவரும் வாய் திறக்கவில்லை. சேனாபதி கூரையைப் பார்த்தார். வைத்தியர் விரல் நகத்தைப் பார்த்தார்.

மல்லையர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, தணிந்த குரலில் கேட்டார்:

"நன்றாகத்தானே இருக்கிறது?"