கீரைக்காரர் நோட்டீஸ்

குரு என்றால் தாடி இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. மதுரை மகபூப்பாளையத்தில் டிசைன் கடை வைத்திருந்த ரிஸ்வானாவுக்கு வயது முப்பத்திரண்டு. அவரிடம் தொழில் கற்க வந்த அருணகிரிக்கு ஐம்பத்தொன்று.

அருணகிரி இருபத்துநாலு வருடம் டாக்டர்களிடம் பேசிப் பேசியே மருந்து விற்றவர். கம்பெனி ஆட்குறைப்பு செய்தபோது வேலை போயிற்று. வாய் மட்டும் போகவில்லை. ரிஸ்வானாவை அவர் 'டீச்சர்' என்பார். ரிஸ்வானா அவரை 'சார்' என்பார். யாருக்கு யார் மரியாதை கொடுக்கிறார்கள் என்று வருகிறவர்கள் குழம்புவார்கள்.

ஒரு நாள் காலையில் சைக்கிளை வாசலில் நிறுத்திவிட்டு ஒருவர் உள்ளே வந்தார். கழுத்தைச் சுற்றி ஒரு துண்டு.

"வாங்கண்ணே, உட்காருங்க" என்றார் ரிஸ்வானா.

வந்தவர் பேசவில்லை. சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டு ஒன்றை எடுத்து எழுதி நீட்டினார்.

'பேர் ஒச்சப்பன். தெருத் தெருவா கீரை விக்கிறேன். தொண்டையில் ஆபரேசன். இனிமே சத்தம் வராதுன்னு சொல்லிட்டாங்க. சைக்கிளுக்கு ஒரு போர்டு வேணும்.'

இருபது வருடமாக நாலு தெருக்களில் கூவி விற்றவர் அவர். எழுபது வீடு வாடிக்கை. அவர் சத்தம் கேட்டால்தான் கதவு திறக்கும். ஆஸ்பத்திரியில் ரெண்டு மாதம் கிடந்துவிட்டு, போன வாரம் மறுபடி கிளம்பியிருக்கிறார். ஒரு கதவும் திறக்கவில்லை. கூடை போனபடியே திரும்பி வருகிறது. கீரை மறுநாள் வரைக்கும் காத்திருக்கிற சரக்கா என்ன? மாட்டுக்குத்தான் போகிறது.

இதையெல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் இப்படி எழுதினார்: 'இந்த மாசம் பார்ப்பேன். நடக்கலேன்னா வாட்ச்மேன் வேலைக்குப் போகணும். எனக்குக் கீரைதான் தெரியும்.'

அருணகிரிக்கு மனசு தாங்கவில்லை. "டீச்சர், இதை நான் பண்றேன். முழுசா நானே பண்றேன்."

"பண்ணுங்க சார்."

மறுநாள் போர்டு கம்ப்யூட்டரில் தயாராக இருந்தது. பச்சைப் பின்னணி. பதினெட்டுக் கீரையின் பெயர்கள், பதினெட்டு நிறத்தில். நடுவில் இணையத்தில் எடுத்த ஒரு படம், பெரிய ஓட்டல் தட்டில் கிடக்கிற ஏதோ சீமை இலை. அடியில், கொட்டை எழுத்தில் ஒரு வரி: 'குரல் இழந்த ஏழைத் தொழிலாளிக்குக் கை கொடுப்பீர்!'

ஒச்சப்பன் வந்து பார்த்தார். படத்தைத் தொட்டுக் காட்டி எழுதினார்: 'இது என்ன கீரை?'

"சும்மா அழகுக்குப் போட்டதுண்ணே."

'எங்கிட்ட இது கிடையாதே.'

பிறகு அவர் கண் அடியில் இருந்த வரிக்குப் போயிற்று. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. அதுவரை எழுதி எழுதிப் பேசிக்கொண்டிருந்தவர், நோட்டை மூடிப் பையில் வைத்துக்கொண்டார். கும்பிட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்.

"என்ன டீச்சர், ஒண்ணுமே சொல்லாமப் போறாரு?"

ரிஸ்வானா கம்ப்யூட்டரில் அந்தக் கடைசி வரியைத் திரும்பப் படித்தார்.

"அந்த வரிதான் டீச்சர் வேலை செய்யும். படிச்ச உடனே மனசு இளகிரும்ல? மார்க்கெட்டிங்கே அதுதானே?"

"நாளைக்குக் காலைல அவர்கூட ஒரு சுத்து போய்ட்டு வாங்க சார். நான் மெசேஜ் போட்டுச் சொல்லிர்றேன்."

"தாராளமா."

"தெருவுல வாயத் திறக்கக் கூடாது."

"யாரு, நானா?"

"நீங்கதான்."

அருணகிரி உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். தான் கூவிக் கீரையை விற்றுத் தீர்த்துவிடுவோமோ என்று டீச்சருக்குப் பயம் போல.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஒச்சப்பன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனார். அருணகிரி பின்னால் போனார். கூடையில் அரைக்கீரையும் சிறுகீரையும் தண்ணீர் தெளித்து அடுக்கியிருந்தது. முதல் தெருவில் எல்லாக் கதவும் சாத்தியிருந்தன. உள்ளே மிக்சி ஓடுகிற சத்தம், குக்கர் விசில், டிவியில் செய்தி. இந்தத் தெருவில் ஆனை அளவு போர்டு வைத்தாலும் பார்க்க ஆளில்லை என்று அருணகிரிக்கு அப்போதுதான் உறைத்தது.

ஒச்சப்பன் சைக்கிள் பெல்லை அடித்தார். பால்காரர் அடித்தார். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளும் அடித்துக்கொண்டு போனார்கள். எந்த பெல் யாருடையது என்று யார் கண்டது?

ரெண்டாவது தெரு முடிவதற்குள் அருணகிரிக்கு அடிவயிற்றிலிருந்து சத்தம் கிளம்பி வந்தது. ஒரே ஒரு தடவை 'கீரை' என்று கத்தினால் போதும். பல்லைக் கடித்துக்கொண்டார். இருபத்துநாலு வருடத்தில் இவ்வளவு நேரம் அவர் சும்மா இருந்ததே இல்லை. அழுகை வரும்போல இருந்தது.

மூன்றாவது தெருவில் ஒரு பெண் குப்பை கொட்ட வெளியே வந்தார். சைக்கிளைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏய்யா கீரைக்காரரே, ரெண்டு மாசமா எங்கய்யா போன? வந்தவரு ஒரு சத்தம் கொடுக்கக் கூடாதா?"

ஒச்சப்பன் சிரித்தார். கழுத்துத் துண்டைக் கொஞ்சம் விலக்கிக் காட்டினார்.

அந்தப் பெண் பார்த்தார். அருணகிரி அடுத்து என்ன வரும் என்று காத்திருந்தார். 'ஐயோ பாவமே' வரும், கொஞ்சம் கண்ணீர் வரும்.

"நாளைக்கு எத்தன மணிக்கு வருவ?"

ஒச்சப்பன் ஏழு விரலைக் காட்டி, எட்டாவது விரலைப் பாதி மடக்கிக் காட்டினார்.

"ஏழரையா? சரி, வாசல்ல நிக்கிறேன். எப்பவும் எடுக்கிறதத்தான் எடுத்து வை. முத்தலாக் கொடுத்தா விட மாட்டேன், ஆமா."

ஒச்சப்பனின் முகம் அந்த வாரத்தில் முதல் தடவையாக மலர்ந்தது. திட்டு வாங்கியதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அருணகிரி கடைக்குத் திரும்பி வந்து, நேராகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். போர்டை மூடினார். ஒரு சின்னத் தாளைத் திறந்து தட்டினார்.

'கீரைக்காரர் ஒச்சப்பன் மறுபடி வருகிறேன். காலை ஏழிலிருந்து எட்டு மணிக்குள் உங்கள் தெருவுக்கு வருவேன். பெல் மூன்று தடவை அடித்தால், அது நான்தான்.'

"வீட்டுக்கு ஒண்ணுன்னு எழுபது நோட்டீஸ் டீச்சர். அந்த ஏழைத் தொழிலாளி வரி வேண்டாம். போட்டதுக்கு வெட்கமா இருக்கு."

ரிஸ்வானா படித்துப் பார்த்தார். "நல்லா இருக்கு சார். எல்லாத்தையும் மேல் பாதிக்கு ஏத்துங்க. கீழ் பாதி காலியா இருக்கட்டும்."

"பாதித் தாள் வீணாப் போகுமே? அதுல கீரையோட பேராவது போடலாம்."

"இருக்கட்டும் சார். பளபள பேப்பர் வேண்டாம். சாதா பேப்பர்ல அடிங்க."

ஏன் என்று கேட்க நினைத்தார். அன்றைக்கு அவருக்குச் சும்மா இருப்பது கொஞ்சம் பழகியிருந்தது.

சாயங்காலம் ஒச்சப்பன் வந்தார். ரிஸ்வானா எழுபது நோட்டீசையும் மேஜை மேல் அடுக்கி, அதன் மேல் ஒரு பேனாவை வைத்தார். ஒச்சப்பன் முதல் தாளை எடுத்து இரண்டு தடவை படித்தார். கீழே இருந்த வெற்றிடத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்தார்.

'ஆறாம் நம்பர் அம்மா. உங்க சிறுகீரை, வேர் வெட்டிக் கொண்டு வர்றேன்.'

அடுத்த தாள். 'மாடி வீட்டு சார். சுகர் எப்படி இருக்கு? வெந்தயக்கீரை திங்கக்கிழமை வரும்.'

அடுத்தது. 'பச்சை கேட் போட்ட வீடு. பாப்பா பிறந்திருச்சா? முருங்கைக்கீரை இளசாப் பாத்து எடுத்து வச்சிருக்கேன்.'

எழுதிக்கொண்டே போனார். சில தாள்களில் தனக்குத் தானே சிரித்துக்கொண்டார். ஒன்றில் மட்டும் எழுதாமல் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, 'ஐயா போன செய்தி இப்பதான் கேள்விப்பட்டேன்' என்று எழுதினார். ஒரு தாளில் இடம் போதாமல் ஓரத்தில் மடக்கி எழுதினார்.

அருணகிரி ரிஸ்வானாவின் பக்கத்தில் வந்து நின்றார்.

"டீச்சர், அந்தப் பாதி இடம் எதுக்குன்னு அப்பவே சொல்லியிருந்தா, இதையெல்லாம் அவர்கிட்ட கேட்டு நானே அழகா டைப் பண்ணிக் கொடுத்திருப்பேன்ல?"

ரிஸ்வானா குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"மெதுவா சார். அவர் பேசிக்கிட்டு இருக்காரு."