குளவி குடிவந்த லோடு வண்டி

ஆடி கழிந்து ஆவணி பிறந்ததும் கோவில்பட்டியில் பாதிப் பேர் வீடு மாறினார்கள். முப்பிடாதியும் அய்யலுசாமியின் லோடு வண்டியை வாடகைக்கு எடுத்து, தானே ஓட்டிச் சாமான்களைக் கொண்டுபோனாள். கடைசி நடையில், தையல் மெஷினோடு வந்த வண்டியை அய்யலுசாமி தன் வீட்டு வாசலில் மறித்தார்.

"பின்னாடி தகரம் நசுங்கியிருக்கு பாரு! இன்னைக்கு நீதான் எங்கேயோ இடிச்சிருக்க. சரிபண்ணித் தராம மெஷின் இங்கேருந்து நகராது."

அந்த மெஷின்தான் அவளுக்குச் சோறு போடுவது. முப்பிடாதி குனிந்து பார்த்தாள். நசுங்கிய பள்ளத்துக்குள் ஒரு குளவிக்கூடு. அதன் ஓரத்தில் யாரோ வைத்த குங்குமப் பொட்டு.

"நான் இடிச்சதாவே இருக்கட்டும் அண்ணாச்சி," என்றாள், வீட்டுக்குள் கேட்கும்படி. "எங்கப்பா டிங்கரிங் பட்டறை வச்சிருந்தவரு. ஒரு சுத்தியல் குடுங்க, இப்பவே தட்டி நிமித்திடுதேன்."

சுத்தியல் வந்தது. அவள் ஓங்கினாள்.

"ஐயையோ, தட்டாத!" அய்யலுசாமியின் மனைவி ஈரக்கையோடு ஓடிவந்தாள். "ஆடி பூரா வண்டி சும்மா நின்னப்போ அந்தப் பள்ளத்துல குளவி கூடு கட்டுச்சு. குளவி கட்டினா வீட்டுல பிள்ளை பொறக்கும்லா? எம்மகளுக்காக நாந்தான் பொட்டு வச்சுப் பாத்துட்டு வாரேன்!"

அய்யலுசாமி வண்டியை மறித்து நின்ற இடத்தை விட்டு விலகினார்.

முப்பிடாதி சுத்தியலை அவர் கையில் கொடுத்தாள். "பேரப்பிள்ளைக்கு முதல் சட்டை என் மெஷின்லதான், மதினி."

கூடு அதிராமல் வண்டியை மெல்ல நகர்த்தினாள். அய்யலுசாமி முன்னால் ஓடி, வழியில் கிடந்த கல்லை எடுத்து ஓரமாகப் போட்டார்.