ஒட்டாத மேடு

தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயம் தங்கபுஷ்பத்தைக் காலையிலிருந்தே அரித்துக்கொண்டிருந்தது. நாளைக்கு ஆய்வுக் குழுவின் முன்னால் நிற்க வேண்டும். கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே பகுதி நேரமாக இழுத்துப் பிடித்துச் செய்த ஆய்வு. கொடுத்த நீட்டிப்பும் இதோடு சரி.

வழிகாட்டி நஸீமா அவளைவிடப் பத்து வயது இளையவள். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள்.

“மேடம், இந்த ஒரு மேடு மட்டும் தானா ஒட்டமாட்டேங்குது.”

“எந்த மேடு, அக்கா?”

தங்கபுஷ்பம் திரையைத் திருப்பினாள். வயதான ஒரு நட்சத்திரம் தன் உடம்பையே வாயுவாக ஊதி ஊதி வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது. அந்த வாயுவிலுள்ள கார்பன் மோனாக்சைடு அனுப்பும் அலைகளைத் தொலைநோக்கி வரைபடத்தில் மேடுகளாகக் காட்டுகிறது. தூரத்துக் குளிர்ந்த வாயுவுக்கு ஒரு மேடு, நட்சத்திரத்தை ஒட்டிய சூடான வாயுவுக்கு இன்னொன்று. வருஷத்துக்கு இவ்வளவு வாயு என்று ஓர் அளவு வைத்து, அதே மேடுகளை அவள் கணினியில் வரவழைக்க வேண்டும். வெளி மேடு அச்சாகப் பொருந்தியது. உள் மேடு மட்டும், முதலில் போட்ட கணக்கில், தொலைநோக்கி பார்த்ததைவிட இரண்டு மடங்கு எகிறி நின்றது.

“அளவைக் குறைச்சா?”

“வெளி மேடு படுத்துடுது. அதான் உள்ள வெப்பத்தைக் குறைச்சேன். ஒட்டிடுச்சு.”

நஸீமா ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். “அடுப்பு பக்கத்துல நிக்கிறவனுக்குக் குளிருது, வாசல்ல நிக்கிறவனுக்கு வேர்க்குதாக்கும்.”

“அப்ப அந்த மேட்டையே எடுத்துடவா? தொலைநோக்கியில கோளாறுன்னு ஒரு வரி எழுதிடலாம். யாரும் கேக்கமாட்டாங்க.”

“கேட்டா?”



நஸீமா அலுப்போடு எழுந்து போய் ஜன்னலைத் திறந்து, தங்கபுஷ்பத்தை அருகே கூப்பிட்டாள். கீழே பரீட்சை முடிந்து பிள்ளைகள் போய்க்கொண்டிருந்தார்கள்.

“பஸ் ஸ்டாப்ல கூட்டம் எப்படி?”

“நிக்க இடமில்ல.”

“ஹால் வாசல்ல?”

“ஒண்ணு ரெண்டு பேரு வர்றாங்க.”

“அப்ப வாசலைப் பாக்கும்போது உங்க கண்ணுல கோளாறு.”

“இல்ல மேடம். பெல் அடிச்சதும் கும்பலா வந்தவங்க அங்க போய்ச் சேந்துட்டாங்க. இப்ப வர்றது…”

தங்கபுஷ்பம் பாதியில் நிறுத்தித் திரும்பித் திரையைப் பார்த்தாள். வெளி வாயு நட்சத்திரத்தை விட்டுக் கிளம்பி ஆயிரக்கணக்கான வருஷமாகிறது. உள் வாயு இப்போதுதான் படியிறங்கியிருக்கிறது.

“நான் ஒரே அளவுதான் வெச்சேன், மேடம். அன்னிக்கும் இன்னிக்கும்.”

“ம்.”

“திரும்பக் கணக்குப் போட நேரமில்லையே. நாளைக்கு என்ன சொல்லட்டும்?”

“ஒட்டலைன்னு சொல்லுங்க. அது ஓய்ஞ்சுபோன நட்சத்திரம், அக்கா. அன்னிக்கு விட்ட மாதிரியே இன்னிக்கும் விடுன்னு ஏன் அதைப் பிடிச்சு உலுக்குறீங்க?”

தங்கபுஷ்பம் வெப்பத்தைப் பழைய இடத்துக்கே கொண்டுபோனாள். உள் மேடு மறுபடி எகிறி நின்றது. அந்தப் படத்தை, யாரும் கேட்பதற்கு முன்னால் தெரியட்டும் என்று, முதல் பக்கத்தில் வைத்தாள்.